புதைமணலில் விழுந்தால் ஆளை முழுசா இழுத்துவிடுமா? மோர்கம் விரிகுடாவில் நடக்கப் போகிறோம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குமரன்_லங்காஸ்டர்:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஸ்டரில் இருக்கிறோம். பக்கத்தில்தான் மோர்கம் விரிகுடா. கடல் வற்றிய நேரத்தில் போய் நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் மணல்தான், கடல் எங்கே போனது என்றே தெரியாது. கோடை மாதங்களில் ஆர்ன்சைட் என்ற ஊரில் கிளம்பி, அந்த மணல்வெளியைக் குறுக்கே கடந்து எதிர்க்கரையில் இருக்கும் கென்ட்ஸ் பேங்க் வரைக்கும் கூட்டமாக நடந்து போகிறார்கள். நான் வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு குழு கிளம்புகிறது, என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள், 12 வயசு மகன் நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.

ஆனால் கரையில் பெரிய எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். புதைமணல் இருக்கிறது, கடல் வேகமாக ஏறும், இறங்காதீர்கள் என்று. ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் இதைக் கேள்விப்பட்டதிலிருந்து பேரனை அனுப்பவே கூடாது என்கிறார். அவர் மனதில் இருப்பது சினிமாவில் நாம் எல்லோரும் பார்த்த காட்சிதான். ஆள் கத்திக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவான், கடைசியில் கை மட்டும் வெளியே தெரியும், அப்புறம் அதுவும் போய்விடும். சொல்லப்போனால் எனக்கும் உள்ளூர அந்தப் பயம் இருக்கிறது.

அப்படி முழுசாக உள்ளே போவது நிஜமாகவே நடக்குமா? சாதாரண மணலுக்கும் புதைமணலுக்கும் என்ன வித்தியாசம், பார்த்தாலே கண்டுபிடிக்க முடியுமா? யாராவது மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர்கள் கையைப் பிடித்து இழுத்துவிடலாமா? விவரமாகச் சொன்னால் அத்தையிடமும் உட்கார்ந்து பேச முடியும்.

அஸ்திவாரம்_ரவி:

முழுசாக உள்ளே போகாது குமரன். அஸ்திவார வேலையில் இருப்பவன், மணலும் நிலத்தடி நீரும் சேர்ந்தால் என்னவெல்லாம் செய்யும் என்று பார்த்துக்கொண்டே இருப்பவன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் அத்தையிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள், கீழே இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புதைமணல் என்று தனியாக ஒரு மண் வகை கிடையாது. எந்த மணலும் ஒரு நிலைமைக்கு வந்தால் புதைமணல் ஆகலாம். மணல் நம்மைத் தாங்குவதே ஒரு துகள் இன்னொரு துகள் மேல் அழுந்தி உட்கார்ந்திருப்பதால்தான், அந்த உராய்வுதான் அதன் பலம். இடுக்குகளில் தண்ணீர் நிறைந்திருந்தாலும் பரவாயில்லை, துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் வரை தாங்கும். அந்தத் தண்ணீரின் அழுத்தம் ஏறி, துகள்களைப் பிரித்துத் தூக்க ஆரம்பித்தால் உராய்வு போய்விடும். மேலே இருந்து வரும் மொத்தச் சுமையில் தண்ணீர் தாங்குவதைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பதுதான் மண்ணின் பலம் என்று கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர் 1920களில் கணக்குப் போட்டுக் காட்டினார், எங்கள் தொழில் இன்றைக்கும் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. மிச்சம் பூஜ்யம் ஆகிவிட்டால் மணல் திரவம் மாதிரி ஆகிவிடும், அவ்வளவுதான்.

அந்த நிலை இரண்டு வழியில் வரும். அடியிலிருந்து தண்ணீர் மேல்நோக்கி ஊறினால் வரும். 1 மீட்டர் தடிமனுள்ள மணல் அடுக்கு என்று வையுங்கள், அதன் அடியில் இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 1 மீட்டர் நீர்மட்டம் அளவுக்குக் கூடுதல் அழுத்தத்தோடு தள்ளினால் போதும், மணல் எடையில்லாமல் பொங்க ஆரம்பித்துவிடும். கடற்கரை ஊர்களில் உறைகிணறு இறக்குபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உள்ளே இருக்கும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துவிட்டு மணலை அள்ள அள்ள, அடியிலிருந்து தண்ணீரோடு மணலும் சேர்ந்து பொங்கி வரும், அள்ளியதைவிட வந்து சேர்வது அதிகமாக இருக்கும், உள்ளே நிற்பவர் கால் முட்டி வரைக்கும் இறங்கிவிடும். அனுபவப்பட்ட ஆள் உடனே மோட்டாரை நிறுத்தச் சொல்வார். கிணற்றுக்குள் தண்ணீர் ஏறி அழுத்தம் சமமானதும் மணல் தானாக அடங்கிவிடும்.

இன்னொரு வழி, தளர்வாகப் படிந்திருக்கும் ஈர மணல் ஒரு அதிர்வில் குலைந்துபோவது. படியில் அரிசியை மெதுவாகக் கொட்டி நிரப்பிவிட்டுப் பக்கவாட்டில் தட்டினால் அரிசி கீழே இறங்குமே, அதேதான் நடக்கிறது. ஆனால் இங்கே இடுக்கு முழுக்கத் தண்ணீர். மணல் இறங்க வேண்டுமென்றால் அந்தத் தண்ணீர் வெளியேற வேண்டும், சட்டென்று வெளியேற வழியில்லை, அதனால் கொஞ்ச நேரத்துக்குச் சுமை முழுக்கத் தண்ணீர் மேலேயே வந்துவிடுகிறது. 1964-ல் ஜப்பானின் நீகாட்டா நிலநடுக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் உடையாமல் அப்படியே சாய்ந்து படுத்ததும், 2001-ல் புஜ் நிலநடுக்கத்தின்போது கட்ச் ரண் பகுதியில் தரையிலிருந்து தண்ணீரும் மணலும் பீய்ச்சியதும் இதே காரணத்தால்தான். உங்கள் விரிகுடாவில் நிலநடுக்கம் தேவையில்லை, ஒரு ஆள் காலை வைத்தாலே போதும்.

இப்போது ஆள் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் டேனியல் பான் என்ற இயற்பியலாளரும் அவருடைய குழுவும், ஈரானில் கும் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள உப்பு ஏரியிலிருந்து புதைமணல் எடுத்து வந்து சோதித்து, 2005-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார்கள். நுண்மணல், களிமண், உப்புத் தண்ணீர், இவைதான் அதில் இருந்தவை. மனித உடம்பின் அடர்த்தியே உள்ள சிறு அலுமினிய உருண்டைகளை அதன் மேல் வைத்துக் குலுக்கிப் பார்த்தார்கள். பாதி மூழ்கியது, அதற்கு மேல் போகவில்லை. போகவும் முடியாது. புதைமணலின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, நம் உடம்பின் அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீர் அளவுதான். 70 கிலோ எடையுள்ள ஆளின் உடம்பு சுமார் 70 லிட்டர். அதில் 35 லிட்டர் உள்ளே போனவுடனேயே, விலகிய மணல் கூழின் எடை 70 கிலோ ஆகிவிடுகிறது, அதோடு மிதக்க ஆரம்பித்துவிடுவார். இரண்டு காலும் இடுப்பும் சேர்ந்தால் அந்த அளவு வந்துவிடும்.

ஆனால் உள்ளே போன காலை வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு. முதல் அதிர்வில் திரவமான கூழ் அப்படியே இருக்காது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மேலே பிரிந்து வந்துவிடும், மணல் அடியில் காலைச் சுற்றி இறுக்கமாகப் படிந்துவிடும். இப்போது காலை மேலே இழுத்தால் பாதத்துக்கு அடியில் உண்டாகும் இடத்தை நிரப்பத் தண்ணீர் அந்த இறுகிய மணல் வழியாக வந்தாக வேண்டும், அது லேசில் வராது. நொடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் ஒரு காலை உருவ வேண்டுமென்றால் சுமார் 10,000 நியூட்டன் விசை தேவை என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஒரு டன் எடையைத் தூக்குவதற்குச் சமம், நடுத்தர அளவு காரைத் தூக்குவதுபோல. அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. கால் வராது, தோள்பட்டைதான் கழன்று வரும்.

குமரன்_லங்காஸ்டர்:

ரொம்ப நன்றி ரவி சார், உறைகிணறு உதாரணம் அத்தைக்கு உடனே புரிந்துவிட்டது, அவர்கள் ஊரில் பார்த்திருக்கிறாராம். ஆனால் அவர் உடனே கேட்ட கேள்வி எனக்கும் வந்தது. இடுப்போடு நின்றுவிடும் என்றால் அப்புறம் எதற்கு அவ்வளவு பெரிய பலகை? ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்றுதானே இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்?

கெண்டல்_ஜெயந்தி:

குமரன் தம்பி, நான் பக்கத்தில் கெண்டலில் பல வருஷமாக இருக்கிறேன், அந்த நடையும் போயிருக்கிறேன். அத்தை கேட்டது சரியான கேள்வி. மணல் பிடித்து வைத்துக்கொள்ளும், கொல்வது கடல். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

நம் ஊர்க் கடலை மனதில் வைத்துக்கொண்டு மோர்கமைப் பார்க்கக் கூடாது. சென்னையில் கடல் ஏறி வற்றுவது பெரும்பாலும் 1 மீட்டருக்குள். இங்கே அது 10 மீட்டர் வரை போகும். மூன்று மாடி உயரம். தரையோ கிட்டத்தட்ட சமதளம், வற்றும்போது கடல் 12 கிலோமீட்டர் வரை பின்னால் போய்விடும், வற்றியபோது தெரியும் மணல்வெளி மட்டும் 300 சதுர கிலோமீட்டருக்கு மேல். திரும்பி வரும்போது அலையடித்துக்கொண்டு வராது, அதுதான் ஏமாற்றுவதே. முதலில் ஓடைகளும் பள்ளங்களும் நிரம்பும். நீங்கள் மேடான மணல் திட்டில் நின்றுகொண்டு கடல் இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உங்களுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் அதற்குள் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் வந்திருக்கும். ஆர்ன்சைட்டில் கடல் ஏறுவதற்கு முன்னால் சைரன் ஊதுவார்கள், கேட்டிருப்பீர்கள். சில நாள் அங்கே ஒரே அலையாக ஆற்றுக்குள் ஏறி வருவதைக் கரையில் நின்றே பார்க்கலாம்.

2004 பிப்ரவரி 5-ஆம் தேதி ராத்திரி நடந்ததை இந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் மறக்கவில்லை. சீனாவிலிருந்து கூலி வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள், மணலில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், இருட்டில் கடல் சுற்றி வளைத்துவிட்டது, குறைந்தது 21 பேர் மூழ்கிப் போனார்கள். இந்த ஊர்க் கடல் எப்போது ஏறும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை இருந்தவர்கள் அதைச் செய்யவில்லை. நினைத்தாலே வயிறு எரிகிறது. கூலி ஆட்களை அமர்த்துபவர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று அதே வருஷம் சட்டம் வந்தது, போன உயிர்கள் போனதுதான்.

ரயில் பாதை வந்தது 1857-ல். அதற்கு முன்னால் குதிரை வண்டிகளே இந்த மணல் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன, சுற்றிப் போகும் தரைவழி அவ்வளவு நீளம். வண்டியோடு மூழ்கிப் போனவர்கள் நிறையப் பேர். அதனால்தான் 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே அரசாங்கம் அதிகாரப்பூர்வமாக ஒரு வழிகாட்டியை நியமித்து வருகிறது. செட்ரிக் ராபின்சன் என்ற மீனவர் 1963-லிருந்து 2019 வரைக்கும் அந்தப் பொறுப்பில் இருந்தார், சம்பளம் என்று பார்த்தால் வருஷத்துக்கு 15 பவுண்டும் குடியிருக்க ஒரு பழைய வீடும்தான். லட்சக்கணக்கான பேரைக் கூட்டிப் போயிருக்கிறார். அவருக்குப் பின்னால் மைக்கேல் வில்சன், அவரும் மீனவர்தான்.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், இந்த விரிகுடாவில் புதைமணல் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கென்ட் ஆறு மணலுக்குள் தன் பாதையை மாற்றிக்கொண்டே இருக்கும். போன மாதம் ஆறு ஓடிய பள்ளத்தில் இந்த மாதம் புது மணல் வந்து தளர்வாகப் படிந்திருக்கும், மேலே பார்த்தால் மற்ற இடம் மாதிரியேதான் இருக்கும். அதனால் வழிகாட்டி முன்கூட்டியே போய்த் தடியால் குத்திப் பார்த்து, லாரல் செடிக் கிளைகளை நட்டு அடையாளம் வைத்துவிட்டு வருவார். நான் போனபோது நடுவில் ஓரிடத்தில் அவர் எல்லோரையும் நிறுத்தி, இந்தப் பக்கம் வாருங்கள் என்று காட்டினார். காலை மாற்றி மாற்றி அழுத்தியபோது சுற்றியுள்ள மணல் முழுக்க ஆடியது, நான் மிதித்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றிருந்தவரின் காலடியும் சேர்ந்து ஏறி இறங்கியது. ஓரிடத்திலேயே நின்று மிதித்துக்கொண்டிருந்த ஒருவரின் கணுக்கால் உள்ளே போய்விட்டது, உடனே நகரச் சொல்லிவிட்டார். நிற்காதீர்கள், நடந்துகொண்டே இருங்கள், அதுதான் அவர் சொன்னது.

ஜோசப்_பிரிஸ்டல்:

தெற்கே பிரிஸ்டல் பக்கம் தன்னார்வ மீட்புக் குழுவில் இருக்கிறேன், சேற்றிலும் மணலிலும் மாட்டியவர்களை எடுக்கும் பயிற்சி எங்களுக்கு உண்டு. ரவி சொன்னதும் ஜெயந்தி அக்கா சொன்னதும் ரொம்பச் சரி. மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் நான் சேர்க்கிறேன்.

கணுக்கால் அளவு இருக்கும்போதே வேலையை முடித்துவிட வேண்டும். கால் இறங்குகிறது என்று தெரிந்த உடனே வந்த வழியே திரும்புங்கள், முன்னால் பாய வேண்டாம், நீங்கள் கடந்து வந்த தரை தாங்கியது என்பது உங்களுக்குத் தெரியும், முன்னால் இருப்பது தெரியாது. முதுகுப் பையைக் கழற்றிப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். முட்டிக்கு மேல் போய்விட்டது என்றால் நின்றபடியே போராடக் கூடாது. ஒரு காலை உருவ இன்னொரு காலில் ஊன்றுவோம், ஊன்றிய கால் இன்னும் ஆழமாகப் போகும், அப்படித்தான் எல்லோரும் ஆழத்துக்குப் போகிறார்கள். நாற்காலியில் உட்காருவதுபோல் பின்னால் சாயுங்கள், முதுகையும் கைகளையும் மணல் மேல் விரித்துப் படுங்கள். பயமாகத்தான் இருக்கும், ஆனால் எடை பரவியதும் இறங்குவது நின்றுவிடும். அப்புறம் ஒரு காலை மட்டும் சின்னச் சின்ன வட்டமாக, முன்னும் பின்னுமாக அசைத்துக்கொண்டே இருங்கள். அசைக்க அசைக்கக் காலைச் சுற்றித் தண்ணீர் இறங்கும், இறுகிய மணல் மறுபடி இளகும், கொஞ்சம் கொஞ்சமாகக் கால் மேலே வரும். அரை மணி நேரம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். வெளியே வந்ததும் எழுந்து நிற்காமல் உருண்டு நகர வேண்டும்.

நாங்கள் செய்வதும் அடிப்படையில் இதேதான். நீளமான குழாயைக் காலையொட்டி இறக்கித் தண்ணீரைப் பீய்ச்சுவோம், மணல் இளகியதும் ஆள் ஏறக்குறைய தானாகவே வந்துவிடுவார். பக்கத்தில் படுத்து வேலை செய்ய அகலமான பாய் போடுவோம், இல்லையென்றால் மீட்பவரும் மாட்டுவார். கயிற்றைக் கட்டி வண்டியை வைத்து இழுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு, தயவு செய்து வேண்டாம், இடுப்புக்கும் முதுகுத்தண்டுக்கும் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டியதில்லை. மோர்கமில் ஆர்.என்.எல்.ஐ. என்ற கடல் மீட்பு நிறுவனம் 2002-லிருந்து காற்று மெத்தை மேல் மிதந்து போகும் ஒரு ஹோவர்கிராஃப்டையே வைத்திருக்கிறது, படகும் போக முடியாத, வண்டியும் போக முடியாத தரை என்பதால்.

போன் எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நாமே எடுத்துவிடலாம் என்று பத்து நிமிஷம் பார்ப்பது, அந்தப் பத்து நிமிஷம்தான் கடல் ஏறும் நேரத்தில் இல்லாமல் போகும். அவசர எண் 999 அடித்துக் கோஸ்ட்கார்டு, அதாவது கடலோரக் காவல்படை, வேண்டும் என்று கேளுங்கள். 2023 மே மாதம் அலாஸ்காவில் டர்னகைன் ஆர்ம் என்ற கடற்கழியில் 20 வயதுப் பையன் ஒருவன் இடுப்பு வரை வண்டலில் மாட்டினான், ஆட்கள் வந்து சேர்ந்தும் கடல் ஏறுவதற்குள் எடுக்க முடியவில்லை. அங்கே இருப்பது பனிப்பாறைகள் அரைத்த மாவுபோன்ற வண்டல், நம் மணலைவிட மோசமாகப் பிடிக்கும்.

கடலே இல்லாத இடத்தில் குளிர் அந்த வேலையைச் செய்யும். 2019 பிப்ரவரியில் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து ஜயான் தேசியப் பூங்காவில், ஓடைக்குள் நடந்துபோன ஒருவருக்கு ஒரு கால் மட்டும், முட்டி வரைதான், மாட்டியது. கூட வந்த பெண்ணால் எடுக்க முடியாமல், போன் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி மணிக்கணக்கில் நடந்தார். மீட்புக் குழு வந்து சேரும்வரை மாட்டியவர் ஐஸ் தண்ணீரில் காலோடு, பனி கொட்டக் கொட்ட உட்கார்ந்திருந்தார். முட்டி வரைக்கும்தான் போயிருக்கிறது என்று யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காவிரிக்கரை_செல்வி:

இங்கிலாந்துக் கதையெல்லாம் சரி, நம் ஊர் ஆற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் கரூர் பக்கம். ஆற்றில் குளிக்கப் போன பிள்ளைகள் இறந்தால் மறுநாள் பேப்பரில் 'புதைமணலில் சிக்கி' என்றுதான் வரும். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வரும். எங்கள் பக்கம் அப்படிப் போன பிள்ளைகள் பெரும்பாலும் போனது மணல் அள்ளிய குழியில். ஆற்றில் தண்ணீர் இல்லாதபோது இயந்திரத்தை இறக்கித் தோண்டுகிறார்கள், பிறகு தண்ணீர் வந்ததும் மேலே எல்லாம் ஒரே மட்டமாகத் தெரிகிறது, பிள்ளை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று குளித்துக்கொண்டிருக்கும், ஒரு அடி தள்ளி வைத்தால் கீழே தரையே இருக்காது. ஓரத்து மணல் செங்குத்தாக நிற்கும், கால் பட்டதும் சரியும், ஏறிவர முடியாது. நீச்சல் தெரிந்தவனைக்கூட நண்பன் கட்டிப்பிடித்து உள்ளே இழுத்துவிடுகிறான். புதைமணல் என்று எழுதிவிட்டால் ஆறே கொன்றுவிட்டது என்று ஆகிவிடுகிறது, தோண்டியவரைக் கேட்பார் இல்லை.

ரவி சார், ஆற்றிலும் நிஜமான புதைமணல் இருக்குமா? என் கணிப்பு சரிதானா?

அஸ்திவாரம்_ரவி:

செல்வி அம்மா, நீங்கள் சொல்வது சரி, இதை எல்லோரும் எழுத வேண்டும். மணல் தண்ணீருக்குள் ஓரளவு சரிவில்தான் நிலையாக நிற்கும், தோண்டிய குழியின் ஓரம் அந்த எல்லையிலேயே நிற்கிறது, ஒரு பிள்ளையின் எடை அதைச் சரித்துவிடும். அதற்கும் புதைமணலுக்கும் சம்பந்தமில்லை. அங்கே ஆள் மூழ்குவது தண்ணீரில். குழிக்குள் புதைமணலே இருந்தாலும் அது இடுப்போடு நிறுத்தியிருக்கும், மேலே இருக்கும் ஆழமான தண்ணீருக்கு யார் பதில் சொல்வது?

ஆற்றில் நிஜமான புதைமணல் இருக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். மணல் திட்டுக்கு அடியில் ஊற்று இருந்தால் வரலாம். தோண்டிய குழியைப் புது வெள்ளம் நுண்மணலாலும் வண்டலாலும் நிரப்பிவிட்டுப் போனால், அந்த நிரப்பு பழைய ஆற்று மணலைவிட ரொம்பத் தளர்வாக இருக்கும், அதில் கால் வைத்தால் இறங்கும். அப்போதும் அதற்கு மூலகாரணம் அந்தத் தோண்டல்தான்.

குமரன் பார்த்தாலே தெரியுமா என்று கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. பார்வைக்குத் தெரியாது, காலுக்கு ஓரளவு தெரியும். மெரினாவில் அலை வந்துபோன ஈர மணலில் காலை அழுத்தினால், பாதத்தைச் சுற்றி ஒரு நொடி மணல் வெளுத்துக் காய்ந்ததுபோல் ஆகுமே, கவனித்திருக்கிறீர்களா? அது இறுக்கமாகப் படிந்த மணல். அழுத்தியதும் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடுக்கு பெரிதாகிறது, மேலே இருந்த தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது, அதனால்தான் மேல்பரப்பு காய்கிறது. மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885-ல் இதை விளக்கினார். தளர்வான மணலில் நேர்மாறாக நடக்கும். மிதித்ததும் தண்ணீர் மேலே பிதுங்கி வந்து பளபளக்கும், சுற்றுப்பக்கம் ஆடும். ஜெயந்தி அக்கா பார்த்தது அதைத்தான். இதை நம்பி யாரும் தனியாக இறங்கிவிடாதீர்கள், அடுத்த அடியில் நிலைமை மாறியிருக்கும்.

உப்பைப் பற்றி ஒரு விஷயம் விட்டுப்போனது. அந்த ஆம்ஸ்டர்டாம் ஆய்வில் முக்கியமான பங்கு உப்புக்கும் களிமண்ணுக்கும் இருந்தது. களிமண் துகள்கள் மணலுக்கு நடுவில் ஒரு மெல்லிய கட்டமைப்பாக நின்று மணலைத் தளர்வாகவே தாங்கிப் பிடித்திருக்கின்றன. அசைவில் அது உடைந்துவிடும். உடைந்த களிமண் உப்புத் தண்ணீரில் திரண்டுவிடுவதால் மறுபடி அந்தக் கட்டமைப்பு சட்டென்று உருவாவதில்லை, மணல் அடியில் போய் இறுகிவிடுகிறது. கழிமுகங்களில் மணல், களிமண், உப்பு மூன்றும் சேர்ந்திருக்கும், மோர்கம், பிரான்சின் மோன் சென் மிஷேல் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள்தான். ஏறத்தாழ ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பேயோ திரைச்சீலை என்ற பூத்தையல் துணியில், மோன் சென் மிஷேல் பக்கம் மணலில் மாட்டிய வீரர்களை, பின்னால் இங்கிலாந்து மன்னரான ஹெரால்டு தூக்கிக் கொண்டுவருவதுபோல் ஒரு காட்சி தைத்திருக்கிறார்கள். அவ்வளவு பழைய பிரச்சினை.

ஆளை முழுசாக விழுங்கும் ஒன்று உண்மையில் இருக்கிறது, அது தானியக் கிடங்கு. பெரிய குதிர்போன்ற கிடங்குகளில் அடியில் தானியத்தைத் திறந்துவிட்டிருக்கும்போது மேலே யாராவது நின்றால் சில நொடிகளில் உள்ளே போய்விடுவார். தானியக் குவியல் உடம்பைவிட லேசு, மிதக்க வைக்காது, தானியம் ஓடிக்கொண்டே இருப்பதால் கீழே இழுத்துக்கொண்டும் போகும். அத்தை மனதில் இருக்கும் சினிமாக் காட்சி அங்கேதான் நிஜமாக நடக்கிறது. கிடங்கு வேலைக்குப் போகும் சொந்தக்காரர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

குமரன்_லங்காஸ்டர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அத்தைக்கு முழுசையும் வாசித்துக் காட்டினேன். செல்வி அம்மா எழுதியதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அவர் ஊரில் முன்பு ஆற்றில் இறந்த ஒரு பையனும் மணல் அள்ளிய இடத்தில்தான் போனானாம். வழிகாட்டியோடு போகும் குழு என்றால் சரி, தனியாக அப்பனும் பிள்ளையும் மணலில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நாங்கள் போவது அதிகாரப்பூர்வ வழிகாட்டி கூட்டிப்போகும் நடையில்தான், விசாரித்துவிட்டேன்.

ஜெயந்தி அக்கா, மகனுக்கு என்ன போட்டு விடுவது? முட்டி வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிவிடலாமா?

கெண்டல்_ஜெயந்தி:

ரப்பர் பூட்ஸ் வேண்டவே வேண்டாம். நடுவில் கென்ட் ஆற்றை இறங்கித்தான் கடக்க வேண்டும், பெரியவர்களுக்கே முட்டி வரை தண்ணீர் இருக்கும், 12 வயசுப் பையனுக்குத் தொடை வரை வரலாம். பூட்ஸுக்குள் தண்ணீர் நிரம்பினால் காலைத் தூக்கவே முடியாது, மணலிலும் அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கயிறு இறுக்கிக் கட்டும் பழைய ஷூ, அரைக்கால் சட்டை, ஒரு காற்றுச் சட்டை, மாற்றுத் துணி, குடிக்கத் தண்ணீர், அவ்வளவு போதும். 8 மைலுக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும், ஆறு ஓடும் இடத்தைப் பொறுத்துத் தூரம் கூடும் குறையும், வழியில் ஒதுங்க இடம் கிடையாது, அதையும் பையனிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஆற்றைக் கடக்கும்போது வழிகாட்டி எல்லோரையும் பக்கவாட்டில் வரிசையாகப் பரவி நடக்கச் சொல்வார், ஒருவர் பின்னால் ஒருவராகப் போனால் ஒரே இடத்தை மிதித்து மிதித்து மணல் இளகிவிடும் என்று. அந்த நேரத்தில் மட்டும் பையன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடை முடிந்து கென்ட்ஸ் பேங்கில் ஏறினால் ரயில் நிலையம் கரையை ஒட்டியே இருக்கிறது, ஆர்ன்சைட்டுக்குத் திரும்ப ரயில் உண்டு, நேரம் மட்டும் முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.